முள் இறங்கும்போது

பாலைவனத்தில் ஓடும் பக்கி வண்டியின் மீட்டரில் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கி, பிறகு சட்டென்று கீழே இறங்கினால், ஓட்டுகிறவருக்கு நிம்மதி வந்துவிடும். இன்ஜின் ஆறிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்துவார். பல நேரம் அந்த இன்ஜினின் கடைசி நிமிடம் அதுதான். உள்ளே தண்ணீர் குறைந்து, சென்சாரின் நுனி தண்ணீரை விட்டு வெளியே வந்திருக்கும். தண்ணீரில் மூழ்கி நிற்கும்போது வாங்குகிற சூட்டை நீராவியில் நிற்கும்போது அது வாங்காது. அதனால்தான் முள் இறங்குகிறது. அதே நேரத்தில் அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துகொண்டிருக்கும்.

ஷார்ஜாவில் சனாயா என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில் இன்ஜின் வேலை பார்க்கிறேன். மணலில் ஓட்டுவதற்கென்றே இரும்புக் குழாயை வளைத்து, வெல்டு வைத்து, பின்புறம் பெரிய வி8 இன்ஜினை ஏற்றிக் கட்டிய வண்டிகள் படாயர் மேடுகளிலும் மலீஹா பக்கமும் ஓடுகின்றன. பழுதானால் எங்களிடம் வரும். எந்தத் தொழிற்சாலையிலும் வரிசையாகச் செய்து இறக்கிய வண்டிகள் இல்லை என்பதால் இவற்றுக்குப் பழுதுபார்க்கும் கையேடு கிடையாது. கட்டியவர் என்ன நினைத்துக் கட்டினார் என்பதை வண்டியைப் பார்த்தே ஊகிக்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு வழித்துணையாக இருக்கும் நூல் மணிமேகலை.

மணிமேகலை என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு அமுதசுரபிதான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், பசித்தவர்களுக்குச் சோறு. கடைசிக் காதைகளை யாரும் விரும்பிப் படிப்பதில்லை. உ.வே.சாமிநாதையர் 1898-இல் இந்நூலைப் பதிப்பித்தபோது அவரையே மிகவும் பாடுபடுத்திய பகுதிகள் அங்கேதான் இருக்கின்றன. எனக்கோ அந்தக் காதைகள்தான் நூலின் உயிர். 27ஆம் காதையில் மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். முதலில் பேசுகிறவர் அளவைவாதி. கடவுளைப் பற்றியோ வீடுபேற்றைப் பற்றியோ அவர் தொடங்குவதில்லை. ஒன்றை அறிவதற்கு எத்தனை வழிகள் உண்டு என்று பத்தை எண்ணிச் சொல்கிறார். அடுத்து, அறிவு எப்படியெல்லாம் பிழைபடும் என்று எட்டைச் சொல்கிறார். அந்த எட்டில் ஒன்று கண்டுணராமை. புலி நெருங்குவதைக் கண்ணால் கண்டும் அதை உணராமல் நிற்பது. இறங்கும் முள்ளைப் பார்த்து நிம்மதி அடைகிறவரின் நிலையும் அதுதான்.

நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான். ‘இதுதான் காரணம்’ என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு எப்போது வருகிறது? கோவிலிலும் மடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். ஒரு வண்டியை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எனக்கு யோசிக்கத் தெரியும்.

இரண்டு பேர் உட்காரும் வண்டி அது. பின்னால் எல்எஸ் வகை வி8 இன்ஜின், சீட்டுக்குப் பின்புறம் உயரத்தில் சாய்த்து வைத்த ரேடியேட்டர், அதில் இரண்டு மின்விசிறிகள். சொந்தக்காரர் உள்ளூர் இளைஞர். சமதரையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒன்றும் ஆகாது, மணல்மேட்டில் ஏறினால் கொதிக்கிறது என்பது அவருடைய புகார். முன்பு பார்த்த கராஜில் டிசம்பர் மாதம் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், மூடி, கூலன்ட் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி, தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்திருந்தார்கள். அதற்குப் பிறகு வண்டி நன்றாக ஓடியது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். ஏப்ரலில் மறுபடியும் கொதித்தது.

டிசம்பர் மாலையில் இங்கே காற்றின் சூடு 20 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். ஏப்ரல் மதியத்தில் சில நாள் 40-ஐ நெருங்கும். அந்த நான்கு மாதமும் வண்டியைக் காப்பாற்றியது குளிர்காலம். பெயர் வாங்கியது ரேடியேட்டர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நான் வருந்துவது செலவான பணத்துக்காக அல்ல. ஐந்து பொருளை ஒரே நாளில் மாற்றினால், வண்டி உண்மையிலேயே குணமாகியிருந்தால்கூட, எதனால் குணமானது என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். அறியும் வாய்ப்பையே மூடிவிட்டார்கள். குணப்படுத்துவதும் அறிவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு வண்டிக்கு மட்டுமானதா? நேர்ந்துகொண்ட மறுவாரம் காய்ச்சல் விட்டது, பரிகாரம் செய்த மறுமாதம் வேலை கிடைத்தது என்று சொல்கிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன், அவர்களுடைய நன்றியுணர்வு உண்மையானது. ஆனால் அந்த நன்றியே காரணத்துக்குச் சான்றாகிவிடாது.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருகிறேன். வெயில் ஊரில் அது தேவையில்லை, கழற்றி எறி என்ற பேச்சு நம் ஊர்ப் பட்டறைகளிலும் உண்டு, வளைகுடாப் பட்டறைகளிலும் உண்டு. அளவைவாதி சொல்லும் பத்து வழிகளில் ஐதிகம் ஒன்று. இந்த மரத்தில் ஒரு தெய்வம் இருக்கிறது என்று உலகத்தார் சொல்வதை வைத்துத் தெளிவது. தெர்மோஸ்டாட் பேச்சும் அப்படிப்பட்ட மரத்துத் தெய்வம்தான். இந்த வகை இன்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடு ஏறும்போது ரேடியேட்டரிலிருந்து வரும் வழியைத் திறக்கும். கூடவே, ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்ப இன்ஜினுக்குள் போகும். வண்டியை ஆற்றுவதற்காகச் செய்த காரியம் அதற்குச் சூடேற்றுகிறது.

சரியாகப் பார்த்தால் இதுவரை நான் வண்டியைத் தொடவே இல்லை, ஓட்டுகிறவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எப்போது ஏறுகிறது, எந்தப் பக்கம் காற்று, முள் எப்படி அசைகிறது. அவர் சொன்னார்: மேட்டின் பாதியில் முள் ஏறும், உச்சியில் சட்டென்று இறங்கும், இறக்கத்தில் மறுபடியும் ஏறும். இதைப் பழைய கராஜில் சொல்லவில்லையா என்றேன். யாரும் கேட்கவில்லை என்றார்.

இந்த இடத்தில் நான் மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனாரோடு மாறுபடுகிறேன். 29ஆம் காதையில் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் அறவண அடிகள், அளவை, அதாவது அறியும் வழி, இரண்டே என்கிறார்: நேரில் காணும் காட்சி, ஊகித்து அறியும் கருத்து. மற்றவையெல்லாம் கருத்துக்குள் அடங்கும் என்பது பௌத்தர் கட்சி. சைவ சித்தாந்தம் நம்பத்தக்கவர் சொல்லான உரையையும் தனி அளவையாகச் சேர்த்து மூன்று என்கிறது. இதில் நான் சைவர் பக்கம். மேட்டின் உச்சியில் முள் இறங்கியதை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இவர் நம்பத்தக்கவர், ஆகவே இவர் சொல் மெய் என்று படிப்படியாகக் கணக்குப் போட்டு ஏற்றேனா என்றால் அதுவும் இல்லை. ஒருவர் தன் துன்பத்தைச் சொல்லும்போது நாம் செய்வது ஊகம் அல்ல, கேட்பது. கேட்டதை அப்புறம் சோதிக்கலாம். கேட்பதைக் கணக்கின் ஓர் உறுப்பாக்கிவிட்டால், கணக்குக்கு ஒத்துவராத சொல் காதில் ஏறாது.

வேலையைத் தொடங்கினோம். ரேடியேட்டர் வாயில் தண்ணீர் துப்புகிறது, ஆகவே ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று இன்னொருவர் அந்த இளைஞரைப் பயமுறுத்தியிருந்தார். அறவண அடிகள் ஏதுப்போலிகளை, அதாவது காரணம்போலத் தோன்றும் பொய்க் காரணங்களை, சொல்லும்போது அநைகாந்திகம் என்று ஒன்றைச் சொல்வார். சாதிக்க வேண்டியது இருக்கும் இடத்திலும் காணப்படும், இல்லாத இடத்திலும் காணப்படும் ஏது. தண்ணீர் துப்புவது அப்படிப்பட்டது. கேஸ்கட் போனாலும் துப்பும், மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டாலும் துப்பும், உள்ளே நீராவி அடைபட்டாலும் துப்பும். நல்ல மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி சொத்தை என்றால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே துப்புவதை வைத்துக் கேஸ்கட்டைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயின் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுத்தால், எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். எங்கள் திரவம் நீலமாகவே இருந்தது. இல்லாமையைக் கொண்டு அறிவதும் ஓர் அளவை.

எட்டுப் பிழைகளில் திரியக்கோடல் என்று ஒன்று உண்டு, ஒன்றை வேறொன்றாகக் கொள்வது. இப்பியை (சிப்பியை) வெள்ளி என்று எண்ணுவதை அதற்குக் காட்டாகச் சொல்கிறது நூல். சனாயாவில் இது மனிதக் கண்ணுக்கு மட்டும் நடப்பதில்லை. தொடாமல் சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற கருவி எல்லா மெக்கானிக்கிடமும் இருக்கிறது. பளபளக்கும் அலுமினியக் குழாய்மேல் அதைக் காட்டினால் உண்மையைவிடக் குறைந்த சூட்டைக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் சூட்டுக்கதிரைக் குறைவாகவே வெளியே விடுகிறது. ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் குழாய் குளிர்ந்திருக்கிறது, ரேடியேட்டர் அருமையாக வேலை செய்கிறது என்று நம்பிவிடுவோம். குழாயில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளந்தால்தான் ஏறக்குறைய உண்மை தெரியும். கருவி பொய் சொல்வதில்லை. எதைக் கேட்கிறோம் என்பது தெரியாமல் நாம்தான் அதைக் கேட்கிறோம். காட்சியே கலப்பற்ற சான்று என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் இந்தக் கறுப்பு டேப்பைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

மெதுவாக, பாரத்தோடு போகும்போது சூடேறினால் காற்றோட்டத்தைப் பார். வேகமாகப் போகும்போது சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தைப் பார். இது பட்டறை விதி, பெரும்பாலும் சரியான விதி. எரியும் பெட்ரோலின் சூட்டில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகையோடு போய்விடும். மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து போய்க் காற்றில் கொட்ட வேண்டும். சமதரையில் வண்டியின் வேகமே காற்றைத் தள்ளிவிடும். மேட்டில் ஆக்ஸிலேட்டர் முழுக்க மிதித்திருக்கும், வண்டியோ ஊர்ந்துகொண்டிருக்கும். அப்போது விசிறிதான் எல்லாம். விசிறியைப் பார்த்தோம். பேட்டரியில் 13.8 வோல்ட், விசிறியின் முனையில் 11-க்கும் கீழே. முன்னாலிருந்து பின்னால் வரை நீளமாக இழுத்த வயர் மெல்லியது. வழியிலேயே மின்சாரம் வீணாகிறது, விசிறி சோர்ந்து சுற்றுகிறது.

“அண்ணே, வயர்தான். கண்டுபிடிச்சாச்சு. மாத்திட்டு வண்டிய விட்ருவோம்” என்றான் என்னோடு வேலை செய்யும் தம்பி. காரணம் கிடைத்த மகிழ்ச்சி அவன் முகத்தில் தெரிந்தது.

“சரி தம்பி. விசிறி சோர்ந்து போனா முள்ளு ஏறும். உச்சிக்குப் போனதும் ஏன் இறங்குச்சு?”

அந்த எட்டுப் பிழைகளில் எனக்கு மிகவும் அச்சம் தருவது தேராது தெளிதல். திறந்தவெளியில் நிற்கும் தறியை (நட்ட கம்பத்தை) ஆராயாமல் மனிதன் என்று முடிவுகட்டுவது. ஐயம் இதைவிட மேலானது, ஏனென்றால் ஐயப்படுகிறவர் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பார். தெளிந்துவிட்டவர் பார்ப்பதை நிறுத்திவிடுவார். அதிலும் பாதி உண்மையைக் கண்டவரின் தெளிவு மிகவும் ஆபத்தானது. வயர் உண்மையிலேயே மெலிந்ததுதான், அதனால் அதோடு நிறுத்திக்கொள்ள மனம் வந்துவிடும்.

இந்த வகை இன்ஜினில் ஹெட்டின் மேல்மூலைகளில் நீராவி வெளியேறச் சிறிய வாய்கள் இருக்கும். அவற்றிலிருந்து மெல்லிய குழாய் ரேடியேட்டருக்கோ மேல்தொட்டிக்கோ போக வேண்டும். இந்த வண்டியைக் கட்டியவர் எல்லா வாய்களையும் அடைத்து வைத்திருந்தார். பொருத்தமான இணைப்பு அன்று கையில் இல்லாமல் இருந்திருக்கலாம், தேவையில்லாத துளை என்று நினைத்திருக்கலாம். கராஜின் சமதளத்தில் இது தெரியவே தெரியாது. மேட்டில் ஏறும்போது வண்டி மூக்கைத் தூக்கும். அடைபட்ட நீராவி அப்போது எந்த மூலை உயரமோ அங்கே போய்ச் சேரும். சென்சார் அந்த மூலையில் இருந்தால் முள் இறங்கும். சாய்வு மாறினால் நீராவியும் இடம் மாறும், முள் மறுபடியும் ஏறும். அந்த இளைஞர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

இதைச் சோதிக்கவும் வேண்டும். அடைத்த வாய்களைத் திறந்து, புதிதாகப் போட்ட நீராவிக் குழாயின் நடுவில் ஒரு சின்ன வால்வை வைத்தேன். ஹெட்டின் உலோகத்திலேயே இன்னொரு சென்சாரை ஒட்டினேன், அதற்குத் தண்ணீர் தேவையில்லை. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டோம். வயரைத் தொடவில்லை. படாயரில் வால்வைத் திறந்துவைத்து ஏறினோம். முள் மெல்ல ஏறியது, ஆனால் குதிக்கவில்லை. வால்வை மூடிவிட்டு அதே மேட்டில் அதே பக்கம் ஏறினோம். உச்சியில் முள் இறங்கியது, உலோகத்தின் சூடோ ஏறிக்கொண்டே போனது. உடனே நிறுத்தித் திறந்தோம். இது இருந்தால் அது உண்டு, இது நீங்கினால் அது நீங்கும். 30ஆம் காதையில் துன்பத்தின் பன்னிரண்டு சார்புகளை இப்படித்தான் முன்னும் பின்னுமாகச் சொல்கிறார்கள், ஒன்று தோன்ற மற்றது தோன்றுவதை ஒருமுறை, ஒன்று மீள மற்றது மீள்வதை ஒருமுறை. வெறும் பாராயணம் என்று நான் ஒருகாலத்தில் எண்ணிப் படித்த பகுதி அது. இப்போது அதைச் சோதனை முறையாகப் படிக்கிறேன். ஒருவழியாக மட்டும் பார்த்தால் பனம்பழமும் காக்கையும் பிரியாது.

அந்தப் பன்னிரண்டில் முதலாவது பேதைமை. அதற்குச் சாத்தனார் தரும் விளக்கம் என்னைப் படிக்கும்போதெல்லாம் நிறுத்திவிடும். இயல்பாகக் கண்ணில் பட்டதை மறந்துவிட்டு, முயலுக்குக் கொம்பு உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டுத் தெளிவதே பேதைமை என்கிறார். பேதைமை என்றால் விவரம் தெரியாமை என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அவர் சொல்வது வேறு: கண்டதைக் கைவிட்டுக் கேள்விப்பட்டதைப் பிடித்துக்கொள்வது. பிறப்பு, பிணி, மூப்பு, சாவு என்று நீளும் துன்பச் சங்கிலியின் தலையில் அவர் ஆசையை வைக்கவில்லை, பாவத்தை வைக்கவில்லை, அறிவில் நேரும் இந்தப் பிழையை வைக்கிறார். கூலவாணிகன் என்று பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர் அவர். தானியத்தை அளந்து விற்றவருக்கு அளவை பிழைத்தால் யார் வயிறு காயும் என்று தெரிந்திருக்கும். அமுதசுரபியைப் பாடியவரும் ஏதுப்போலிகளை வரிசைப்படுத்தியவரும் ஒருவரே என்பது எனக்கு வியப்பாக இல்லை. பசித்தவருக்குச் சோறிடுவதும், இன்னொருவரின் துன்பத்துக்கு எது காரணம் என்று பொறுமையாகத் தேடுவதும் ஒரே அறத்தின் இரண்டு செயல்கள். கோடையில் 45 டிகிரி வெயிலில், அலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத பள்ளத்தில் வண்டி நின்றுபோனவருக்கு, கராஜில் ஒருவர் தேராமல் தெளிந்த தெளிவு உயிர்ப் பிரச்சினை.

பக்கத்து ரேடியேட்டர் கடைப் பெரியவர், பெஷாவர்க்காரர், எது நடந்தாலும் நசீப் (விதி) என்பார். அவர் சோம்பேறி அல்ல, சனாயாவிலேயே அவரளவுக்குச் சுத்தமாகப் பற்றவைக்கிறவர் யாரும் இல்லை. கசிவு எங்கே என்று தொட்டியில் முக்கிப் பார்த்துக் கடைசிக் குமிழி வரை தேடுகிறவர் அவர். அவருடைய விதி நம்பிக்கை தேடலுக்கு முன்னால் வந்து நிற்பதில்லை, தேடல் முடிந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட நம்பிக்கையோடு எனக்குச் சண்டையே இல்லை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் விடை வயரையும் அடைத்த வாயையும் பிரித்துக் காட்டாது என்பது மட்டும்தான் நான் சொல்வது.

வண்டியை எடுக்க வந்த இளைஞர், யார் தப்பு என்று கேட்டார். கட்டியவரா, மாற்றியவரா? அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, செலவழித்தவர் அவர். ஆனால் காரணத்தைத் தேடுவது வேறு, குற்றவாளியைத் தேடுவது வேறு. குற்றவாளி ஒருவராக இருந்தால் மனத்துக்கு வசதி. காரணம் அப்படி வசதியாக வருவதில்லை. அடைத்த வாய் குளிர்காலம் முழுவதும் அடைத்தே இருந்தது, கொதிக்கவில்லை. மெலிந்த வயரும் அப்போதே மெலிந்துதான் இருந்தது. வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடிக்கும் நாளில் தென்கிழக்கு நோக்கி மேடேறினால், முதுகுப்பக்கம் அடிக்கும் காற்று விசிறியை எதிர்த்துத் தள்ளும். ஏப்ரல் வெயிலோடு இவையெல்லாம் சேர்ந்தபோதுதான் கொதித்திருக்க வேண்டும். தனியே நின்று எதையும் செய்யும் காரணம் ஒன்று உண்டா என்றால், இல்லை என்கிறது சார்பு என்ற கொள்கை. வண்டியும் இல்லை என்றுதான் சொன்னது.

அவருக்குப் பில்லில் நான் இப்படி எழுதிக் கொடுத்தேன். நீராவி வாய் அடைப்பு: திறந்தும் மூடியும் சோதித்தது. விசிறி வயர்: அளந்தது, தடித்த வயர் போட்டது, திரும்பப் பழைய வயரைப் போட்டுச் சோதிக்கவில்லை. பின்காற்று: ஊகம் மட்டும். தண்ணீர் குறைந்தால் விளக்கெரியும் தனி சென்சார் ஒன்றும் மேல்தொட்டியில் வைத்தது, முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். அவர் படித்துவிட்டு, ஊகத்தை ஏன் எழுதினீர்கள், அதற்குக் காசு வாங்கவில்லையே என்றார். அடுத்த ஏப்ரலில் ஷமால் அடிக்கும் நாளில் காற்றுக்கு முதுகைக் காட்டி ஒருமுறை, முகத்தைக் காட்டி ஒருமுறை அதே மேட்டில் ஏறி, உலோகத்தின் சூட்டைக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றேன்.